சந்தியாகு எனக்கு அண்ணன் இல்லை

மகனே,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். எழுத்தைப் பார், மழை பெய்த பருத்திக் காட்டில் ஆடு நடந்துபோன மாதிரி இருக்கும். வேறு யாராலும் இப்படி எழுத முடியாது. இதுவரை உனக்கு வந்த கடிதமெல்லாம் கடைக்காரர் எழுதிக் கொடுத்தது. நான் "மழை இல்லை, ஒரு நடை வந்துவிட்டுப் போ" என்று சொன்னால், அவர் "இறைவன் கிருபையால் இவ்விடம் யாவரும் சுகம்" என்று தொடங்கித் தாளை நிறைத்துவிட்டு, மழையை ஓரத்தில் நெருக்கி வைப்பார். மனதில் இருக்கிறதை அவரிடம் சொல்லவும் முடியாது. பக்கத்தில் உப்பு வாங்க யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். இப்போது நானும் தாளும் மட்டும்தான். ஒரு வரி எழுதுகிறேன், அதைத் திரும்ப வாசிக்கிறேன். நான் நினைத்தது அப்படியே அங்கே கிடக்கிறது. இந்த வயதில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நீ துணி வெட்டும் வேலைக்குப் புதியம்புத்தூர் போன பிறகுதான் நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் பெரிய ஆட்களுக்கு சாயங்கால வகுப்பு தொடங்கினார்கள். நான் போய் உட்கார்ந்ததும் உன் அம்மா சிரித்தாள். உன் பெரியப்பா சந்தியாகு, இதைச் சொல்லவென்றே ஓடையைத் தாண்டி அவர் ஊரிலிருந்து நடந்து வந்தார். "ஏலே, கல்லறைக்குப் போற வயசுல கையெழுத்துப் போடப் படிக்கியாமே. அங்கன ஒருத்தரும் கையெழுத்து கேக்க மாட்டாவலே" என்றார். நான் விடவில்லை. கோவில்பட்டிக்குப் போனால் கண்ணில் படுகிற எல்லாவற்றையும் வாசித்துவிடுவேன். தீப்பெட்டிப் படம், உரமூட்டை, மருந்துக் கடை, சினிமாக் கொட்டகை. பஸ்ஸுக்குள் "புகை பிடிக்காதீர்" என்று எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி முடித்தபோது என் வாயில் பீடி இருந்தது. இத்தனை வருஷமாக அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் பிடித்திருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை.

இனி எழுதப்போவதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான். எதையும் முதலிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். அதனால் தெரிந்ததையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நீ இதைச் செல்வத்துக்கும் வாசித்துக் காட்டவேண்டும். அவளுக்குத் தெரியாதது இதில் நிறைய இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வந்த நீ, கறிச்சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, சந்தியாகு பெரியப்பா மகள் செல்வத்தைத்தான் கட்டுவேன் என்று உன் அம்மாவிடம் சொன்னாய். அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "உங்க மவன் என்ன பேசுதான்னு கேட்டியளா? தங்கச்சியக் கட்டணுமாம்." நீ சாப்பிடாமல் எழுந்து போனாய். உன் பக்கமும் எனக்குப் புரியாமல் இல்லை. செல்வத்துக்குத் தாய் செத்தபோது அவள் கைப்பிள்ளை. அவள் தாய்மாமன் புதியம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார். நீ அவளை முதலில் பார்த்ததே தையல் கடையில் காஜா போடுகிற பெண்ணாகத்தான். அண்ணன் தங்கை என்று நீங்கள் ஒரு தட்டில் சாப்பிட்டு வளரவில்லை. ஆனால் ஊருக்கு அது கணக்கில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பஞ்சத்தில் அண்ணனும் தம்பியும் இந்தக் கரிசலுக்கு வந்தார்கள், கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார்கள், அண்ணன் ஓடைக்கு அந்தப் பக்கமும் தம்பி இந்தப் பக்கமும் இருந்துகொண்டார்கள், அவர்கள் பிள்ளைகள்தான் நாம் என்பது கதை. அதனால் அவர்கள் வீடும் நம் வீடும் பங்காளி. பங்காளிக்குள் பெண் எடுப்பதும் கொடுப்பதும் கிடையாது. இதைக் கேட்டதும் உன் பெரியப்பா சொன்னது உன் காதுக்கு வந்திருக்காது. "தங்கச்சியக் கட்டுத ஊரு எதுலே? வழியச் சொல்லு, நான் ஒருதடவை போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றார். சிரிப்பாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

நான் மாதா கோயில் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். "இத்தனை தலைமுறைக்கு அந்தப்பக்கம் இருக்கிற சொந்தத்தை வச்சு திருச்சபை தடை சொல்லாது. நான் கல்யாணம் பண்ணி வைப்பேன். ஆனா மூணு ஞாயிற்றுக்கிழமை பூசையில கல்யாண ஓலை வாசிக்கணும். தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு கேக்கணும். உங்க ஆளுக எந்திரிச்சு நிப்பாங்களே, அப்ப என்ன செய்வ?" என்றார். திரும்பி வரும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அந்தக் கதை பொய்யாக இருந்தால்? அண்ணன் தம்பி என்பதை யார் பார்த்தது? கோயிலில் பழைய ஞானஸ்நானப் புத்தகங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். எழுத்துத் தெரியாத காலத்தில் அந்தப் பெட்டி எனக்கு வெறும் பெட்டி. இப்போது அதன் மேலே எழுதியிருக்கிறதை என்னால் வாசிக்க முடியும். உள்ளே இருக்கிறதையும் ஏன் வாசிக்கக்கூடாது என்று தோன்றிவிட்டது.

உள்ளே இருந்தது லத்தீன். எனக்கு ஒரு எழுத்தும் ஓடவில்லை. நல்லவேளை, நம் சாமியார் பழைய ஆள், பூசையெல்லாம் லத்தீனில் இருந்த காலத்தில் படித்தவர். "இந்தப் பெட்டியத் தேடி வர்றவங்க எல்லாம் வயசுக்குச் சான்று கேட்டுத்தான் வருவாங்க. தாத்தாவுக்குத் தாத்தாவக் கேட்டு வந்தவன் நீ ஒருத்தன்தான்" என்று அவரும் குஷியாகிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு மேசையில் உட்காருவோம். அவர் லத்தீனைப் பார்த்துத் தமிழில் சொல்லுவார், நான் எழுதுவேன். "இன்ன நாளில் இன்னாருடைய மகன் இன்னாருக்கு நான் ஞானஸ்நானம் கொடுத்தேன், ஞானத்தகப்பன் இன்னார்." எல்லா வரியும் இதே மாதிரிதான். எனக்கோ 'ஞா' எழுத நேரமாகும். ஒவ்வொரு வரியிலும் அது வந்து நிற்கும். சாமியார் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்ப்பார். "முடிஞ்சிதா?" என்பார். "கால் போடுதேன் சாமி" என்பேன்.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். நம் வீட்டில் இரண்டே பெயர்தான். தாத்தா பெயரைத்தானே பேரனுக்கு வைக்கிறோம். என் பெயருள்ளவனுக்குத் தகப்பன் உன் பெயருள்ளவன். அவனுக்குத் தகப்பன் மறுபடி என் பெயருள்ளவன். புத்தகத்தில் பின்னால் போகப் போக நீயும் நானும் மாறி மாறிப் பிறந்துகொண்டே இருந்தோம். ஒருதடவை நீ எனக்குத் தகப்பன், ஒருதடவை நான் உனக்கு. முதலில் எனக்கு அது பெருமையாக இருந்தது. கொஞ்ச நாளில் மூச்சு முட்டியது. இந்தக் கரிசலிலேயே உழுது, இந்தக் கோயிலிலேயே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, இந்த இரண்டு பெயரைத் தாண்டி ஒருவனும் வெளியே போகவில்லை. சாமியார் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "இது எந்த ஆளுன்னு எனக்கே குழம்புது" என்பார். அப்போது தாயின் பெயரையும் ஞானத்தகப்பன் பெயரையும் வைத்துத்தான் ஆளைப் பிரிப்போம்.

வெயில் ஏறத் தொடங்கின ஒரு சனிக்கிழமை நாங்கள் தேடின பக்கம் வந்தது. தாள் புகையிலை நிறத்தில் இருந்தது. ஓரமெல்லாம் செல்லுப்பூச்சி அரித்திருந்தது. சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இவங்கதான். ரெண்டு பேரும் பெரிய ஆளா வந்து ஞானஸ்நானம் வாங்கியிருக்காங்க. ஒரே நாள்ல." "தகப்பன் பேரு போட்டிருக்கா சாமி?" "போட்டிருக்கு. உங்க ஆளுக்குத் தகப்பன் கருப்பன். அவங்க ஆளுக்குத் தகப்பன் பேச்சிமுத்து." "நல்லாப் பாருங்க சாமி." "நல்லாத்தான் பாக்கேன். ரெண்டு பேருக்கும் ஊரும் வேற. ஞானத்தகப்பனா பக்கத்துல நின்னது மட்டும் ஒரே ஆள். அப்ப வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்." சாமியார் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "வேதத்துல சேந்ததும் சொந்தக்காரங்க கைவிட்டிருப்பாங்க. ரெண்டு பேருக்கும் இவர்தான் தகப்பன்னு ஆகியிருக்கும். ஒரே ஆளை அப்பான்னு கூப்பிட்டா, அண்ணன் தம்பிதானே. பிள்ளைங்களும் அப்படியே சொல்லிட்டு வந்துட்டாங்க. சரி, கல்யாணத்துக்கு எனக்கும் பந்தியில இடம் உண்டுல்ல?"

நான் தேடிப் போனது கிடைத்துவிட்டது. அன்றைக்கு நான் ஓடி வந்து உன் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுதின தாள் மடியில் இருந்தது. அதில் எனக்குத் தெரிந்த எழுத்துகள்தான் இருந்தன, நானே எழுதினவை. அவை சொன்னது ஒன்றுதான். உனக்குப் பெண் கிடைக்க வேண்டுமானால் எனக்கு அண்ணன் இருக்கக்கூடாது.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்பது உனக்குத் தெரியும். என் அப்பா செத்தபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. சந்தியாகுவும் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். அவர்தான் பாடையின் முன்கொம்பைப் பிடித்தார். அதற்குப் பிறகு விதைப்புக்கு மாடு, உன் அம்மாவைப் பெண் பார்க்க ஆள், வாய்க்கால் சண்டைக்குக் கம்பு, எல்லாம் அவர்தான். உலகத்தில் என்னை "ஏலே" என்று கூப்பிட மிஞ்சியிருப்பது அவர் ஒருவர். சொன்னால் அவர் போகிறார். சொல்லாவிட்டால் நீ போகிறாய். பருத்தி எடுப்பு முடிகிறவரைக்கும் அந்தத் தாளை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அவர் எதிரே வந்தால் வேறு வரப்பில் இறங்கிப் போனேன். உன் அம்மா கேட்டாள், "முட்டையிட இடம் தேடுத கோழி மாதிரி ஏன் அங்கனயும் இங்கனயும் நடக்குதிய?"

அப்போதுதான் உன் கடிதம் வந்தது. தபால்காரர் வழக்கம்போல வாசித்துக் காட்டவா என்று கேட்டார். நான் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நானாக வாசித்த முதல் கடிதம். "பாஸ்கா பண்டிகை முடிந்ததும் தூத்துக்குடி ரிஜிஸ்தர் ஆபீசில் எழுதிக்கொள்கிறோம். அதற்குப் பிறகு நான் ஊருக்கு வர மாட்டேன்." ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான் எனக்கு அது புரிந்தது. 'வர' வரைக்கும் வாசித்து, நீ வருகிறாய் என்று நினைத்தேன். பிறகு 'மாட்டேன்' என்று இருந்தது.

மறுநாள் ஓடையைத் தாண்டிப் போனேன். உன் பெரியப்பா காட்டில் பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்தார். காய்ந்த செடியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி இழுக்க வேண்டும். கரிசல் லேசில் விடாது.

"என்னலே, இந்த வெயில்ல?"

"ஒண்ணு வாசிக்கணும்ணே. கேளுங்க."

"பூசையில வாசிக்கதே எனக்கு மிச்சம். சரி, வாசி."

வாசித்தேன். அவர் ஒரு செடியைப் பிடித்தபடியே நின்றார்.

"திரும்ப வாசி. கடைசி வரிய மட்டும்."

"தகப்பன் பெயர் பேச்சிமுத்து."

"இது உங்க ஆளா, எங்க ஆளா?"

"உங்க ஆளு."

செடியைப் பிடுங்கிப் போட்டார். "சாமி தப்பா வாசிச்சிருப்பாரு. கண்ணு மங்கிட்டு அவருக்கு."

"ரெண்டு தடவை பாத்தாருண்ணே."

"அப்ப நீ தப்பா எழுதியிருப்ப. போன மாசம் வரைக்கும் உனக்கு 'ழ' வராதுன்னு உன் பொண்டாட்டியே சொன்னா."

"இதுல 'ழ'வே இல்லண்ணே."

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. பிறகு அவர் வரப்பில் உட்கார்ந்து தலைத்துண்டால் முகத்தைத் துடைத்தார். கையை இறக்காமல், துண்டுக்குள்ளிருந்தே கேட்டார்.

"நீ செத்தா நான் எங்கனலே நிக்கணும்? வாசல்லயா?"

மகனே, இதை நீ யோசித்திருக்க மாட்டாய். உன் வயதில் நானும் யோசித்திருக்க மாட்டேன். பங்காளி செத்தால் நாம் உள்ளே இருப்போம். பிணத்தின் தலைமாட்டில் இருப்போம், நம் வீட்டிலும் அடுப்பு எரியாது. செல்வத்தின் தாய் செத்தபோது நம் வீட்டுப் பானையெல்லாம் கவிழ்ந்து கிடந்தது, நீ பசியில் அழுதாய், பக்கத்து வீட்டில் கஞ்சி வாங்கிக் கொடுத்தோம். சம்பந்தி என்றால் அப்படி இல்லை. அவர் வெளியிலிருந்து வருகிறவர். கோடித் துணியோடு வந்து வாசலில் நிற்க வேண்டும், வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்து உள்ளே கூப்பிட வேண்டும், கொண்டுவந்ததைப் போட்டுவிட்டு ஒதுங்கி உட்கார வேண்டும். உன் பெரியப்பா என் பிணத்துக்கு அப்படித்தான் வர வேண்டும். அவருக்கு நானும் அப்படித்தான் போக வேண்டும்.

"வேண்டாம்னா சொல்லுங்க. இந்தத் தாளக் கிழிச்சிப் போட்டுருதேன்" என்றேன். மனதார அப்படிச் சொன்னேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நேரத்தில் உன்னைவிட அவர்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். பிறகு, "அவள நான் வளக்கல. ஒரு பாவாடை எடுத்துக் கொடுத்ததுகூட கிடையாது. எல்லாம் அவ மாமன்தான் செஞ்சான். அப்பான்னு எங்கிட்ட அவ கேட்டது இது ஒண்ணுதான்" என்றார். எழுந்து அடுத்த செடியைப் பிடித்தார். "நான் சொல்ல மாட்டேன். எழுத்துப் படிச்சவன் நீதான. நீயே ஊரு முன்னால சொல்லு. நான் மறுத்துப் பேசல."

உங்களைப் பொறுத்திருக்கச் சொல்லி செல்வத்தின் மாமனுக்கு ஆள் அனுப்பினோம். பாஸ்கா முடிந்து இரண்டாவது ஞாயிறன்று முதல் ஓலையை வாசித்தார்கள். உன் பெயரும் செல்வத்தின் பெயரும் சாமியார் வாயில் வந்ததும் கோயிலுக்குள் ஒரு இரைச்சல். ஆண்கள் பக்கம் ஒரு பெரியவர் எழுந்து, "சாமி, அது அண்ணன் தங்கச்சி முறை, ஒத்துக்கிட மாட்டோம்" என்றார். பூசை முடிந்து எல்லோரையும் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். நான் தாளை எடுத்து விரித்தேன். இத்தனை பேர் முன்னால் வாசித்துக் காட்டப்போகிறோம் என்று எனக்குள் ஒரு ஆசையும் இருந்தது, அதை மறைத்து என்ன. ஆனால் அந்தப் பெரியவர், "தாளெல்லாம் வேண்டாம்வே. தாள்ல எவனும் எதையும் எழுதுவான். உம்ம வாயால சொல்லும். சந்தியாகு உமக்கு யாரு?" என்றார்.

தாளை மடித்தேன். உன் பெரியப்பா எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கம் குழந்தை அழுதது, அதை யாரோ அமர்த்தினார்கள். "சந்தியாகு எனக்கு அண்ணன் இல்லை" என்று சொன்னேன். சத்தம் போதவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். அவரைக் கேட்டார்கள், "நீரு என்ன சொல்லுதீரு?"

"எழுத்து படிச்சவிய சொல்லுதாவ. நான் என்னத்தச் சொல்ல" என்றார் உன் பெரியப்பா. என்னைப் பற்றி அவர் அப்படி மரியாதையாகப் பேசினதை நான் கேட்டதில்லை. ஊருக்கு அது போதுமாக இருந்தது. சாமியார் என் தோளில் தட்டினார். உன் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. எல்லோரும் என்னிடம் நல்லமுறையில்தான் பேசினார்கள். நான் வீடு வந்து படுத்துவிட்டேன்.

மற்ற இரண்டு ஓலைக்கும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நேற்று நாள் குறிக்க அவர் வந்தார். என் கல்யாணத்துக்குக்கூடத் தோளில் துண்டோடு வந்த மனிதர், சட்டை போட்டிருந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், கடம்பூர்ப் போளி. எத்தனையோ நாள் இந்த வீட்டுக்குள் அவர் நேராக அடுப்படிக்குப் போய், சட்டியைத் திறந்து பார்த்து, "இன்னிக்கும் கத்திரிக்காயா" என்று கேட்டிருக்கிறார். நேற்று தெருவிலேயே நின்றார். அவர் பின்னால் செல்வத்தின் மாமனும் நின்றார். சம்பந்தி கூப்பிடாமல் படியேறக்கூடாது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வாங்க சம்பந்தி" என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. நான் தாழ்ப்பாளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் உன் அம்மாதான் பின்னாலிருந்து வந்து, "உள்ள வாங்க, ஏன் வெயில்ல நிக்கிய" என்றாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். நல்ல நாளாகப் பார்த்துக் குறித்தோம். போகும்போது இரண்டு கையையும் குவித்து எனக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார்.

நாளையும் மற்றதையும் உன் அம்மா தனியாக எழுதச் சொல்லியிருக்கிறாள், அதை வேறு தாளில் எழுதி வைக்கிறேன். நீ ஊருக்கு வந்து இறங்கினதும் இங்கே வராதே. ஓடையைத் தாண்டி முதலில் அங்கே போ. பெரியப்பா என்று வாய் பழகியிருக்கும், அதை விட்டு மாமா என்று கூப்பிடு. அவர் உடனே திரும்பிப் பார்க்க மாட்டார். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பார். நீ காத்திரு, இன்னொரு தடவை கூப்பிடு. செல்வத்தை நன்றாக வைத்துக்கொள். உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் என் பெயரை வைக்க வேண்டும் என்று இல்லை. வேறு ஏதாவது நல்ல பெயராகப் பார்த்து வையுங்கள். அந்தப் புத்தகத்தில் நாம் இருவரும் போதுமான அளவுக்கு இருக்கிறோம்.

எழுதப் படித்ததற்காக நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் ஓடிப்போய்த்தான் நிற்கிறேன். சாமியார் பொய் சொல்லவில்லை, நானும் தப்பாக எழுதவில்லை. சந்தியாகு எனக்கு அண்ணன் இல்லை என்று உனக்காக ஊர் முன்னால் சொல்லியிருக்கிறேன். இனி யார் வந்து கேட்டாலும் சொல்லுவேன். நானும் அதை நம்ப வேண்டும் என்று மட்டும் நீ எதிர்பார்க்காதே.

உன் அப்பா